வெறுங்கை: கராத்தேக் கலையும் அகப்பயிற்சியும்

கராத்தே என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. வெள்ளுடை உடுத்த இளைஞர் ஒருவர் பெருங்குரல் எழுப்பி, அடுக்கி வைத்த ஓடுகளைக் கையால் உடைக்கின்றார். பள்ளி ஆண்டு விழா மேடைகளில் இதனைக் கண்டு நாம் கைதட்டியிருக்கிறோம். திரைப்படங்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, தனியொருவர் இருபதின்மரைப் பந்தாடும் காட்சிகளை நமக்குப் பழக்கிவிட்டன. இவற்றைக் கொண்டே அளந்தால், மனித உடலை ஆயுதமாக்கும் ஒரு முறையே கராத்தே என்று முடிவு செய்வோம். இக்கலையை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்த ஆசிரியர்கள் அவ்வாறு கருதவில்லை. ஓடு உடைத்தல் இக்கலையின் ஒரு சிறு கூறு. அதனையே கலை எனக் காட்டுவது பிழை என்பது அவர்தம் கருத்து. தம் மாணவனுக்கு எப்போது சினம் எழுகிறது, எழுந்த சினத்தை அவன் என்ன செய்கிறான் என்பதையே அவர்கள் கூர்ந்து நோக்கினர். அந்நோக்கு எவ்வாறு உருவாயிற்று, அதற்கெனப் பயிற்சியில் என்ன வழி வகுத்தனர், இன்று அது என்ன நிலையில் உள்ளது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

பிறந்த மண்

ஜப்பானின் தென்புறத்தில், கியூஷுத் தீவுக்கும் தைவானுக்கும் இடையே முத்துவடம்போல் நீண்டு கிடப்பவை ரியூக்யூத் தீவுகள். அவற்றுள் பெரியது ஒக்கினாவா. 15ஆம் நூற்றாண்டு முதல் இத்தீவுகள் ஒரு தனியரசின்கீழ் இருந்தன. சீனத்தோடும் தென்கிழக்காசியத் துறைமுகங்களோடும் கடல்வணிகம் செய்து செழித்த அரசு அது. 1609இல் தென் ஜப்பானின் சட்சுமாக் குறுநிலத்தார் படையெடுத்து அதனைத் தம் பிடிக்குள் கொணர்ந்தனர். 1879இல் ஜப்பானியப் பேரரசு மன்னரை நீக்கி, ஒக்கினாவாவைத் தன் மாநிலங்களுள் ஒன்றாக்கியது.

இத்தீவில் 'தே' என்றொரு கைப்போர்க்கலை வழங்கிற்று. 'தே' என்றால் கை என்பது பொருள். சீனத்தின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த போர்முறைகள் அதனோடு கலந்தன. கலந்து உருவான கலையைச் 'சீனக் கை' என்னும் பொருள்படத் 'தோதே' என அழைத்தனர். ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை உழவர்கள் அந்நிய வீரர்களை எதிர்க்க இரவில் மறைந்து பயின்ற கலை இது என்றொரு கதை நூல்தோறும் காணப்படுகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் பெயர் தெரிந்த பழைய ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அரசுப் பணியைச் சார்ந்த குடியினராகவே காணப்படுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில் வழங்கும் மற்றொரு தோற்றக் கதையையும் இவ்விடத்தில் கூறியாக வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனத்தின் ஷாவோலின் மடத்தில் போர்க்கலையைத் தோற்றுவித்தார். அதுவே கராத்தேயாக வளர்ந்தது என நம்மவர் பலர் பெருமையோடு பேசுவர். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. அவர் போர்க்கலை பயிற்றினார் என்று இரண்டுமே கூறவில்லை. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட 17ஆம் நூற்றாண்டில் எழுந்ததென ஆராய்ச்சியாளர் காட்டுகின்றனர். நம் மண்ணுக்குப் பெருமை சேர்க்க உண்மையான சான்றுகள் பல இருக்க, இதனைப் பற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

இதனோடு ஒத்த ஒரு செய்தி ஒக்கினாவாவிலேயே கிடைக்கிறது. ஷூரி நகரத்து ஆசிரியர் அங்கோ இட்டோசு 1908இல் கல்வித்துறைக்கு ஒரு மடல் விடுத்தார். பத்துக் கருத்துகள் அடங்கிய அம்மடலின் தொடக்கத்திலேயே, இக்கலை பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ தோன்றியதன்று என அவர் தெளிவாகக் கூறிவிடுகின்றார். ஒருவன் தன் நலத்துக்காக இதனைப் பயன்படுத்தலாகாது, வம்புக்கு வருபவனிடமும் கைகலப்பைத் தவிர்க்கவே முயல வேண்டும் என்பனவும் அம்மடலில் உள்ளன. நாள்தோறும் ஓரிரு மணி நேரம் பயின்றால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடலின் தன்மையே மாறும் என அவர் உறுதி கூறுகின்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1901 அளவில், இக்கலையை அவர் பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். மறைவில் பயின்ற கலை பாடத்திட்டத்துக்குள் நுழைந்தபோது, 'இதனால் குழந்தைக்கு என்ன நன்மை?' என்ற கேள்வியும் உடன் நுழைந்தது. போர்க்களத்தில் அக்கேள்விக்கு இடமில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்கு விடை கூறாமல் தப்ப முடியாது. கராத்தேயின் மெய்யியல் எனப்படுவது பெரும்பாலும் அவ்விடையைத் தேடிய முயற்சியே எனலாம்.

பெயர் மாறிய வரலாறு

'கரா' என்னும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று சீனத்தைக் குறிப்பது. மற்றொன்று வெறுமையைக் குறிப்பது. 'சீனக் கை' என்பதை 'வெறுங்கை' என மாற்றி எழுதும் வழக்கம் 1905இலேயே ஓர் ஒக்கினாவா ஆசிரியரின் எழுத்தில் தலைகாட்டியது. அதனைப் பரவலாக்கியவர் இட்டோசுவின் மாணவரான கிச்சின் ஃபுனகோஷி. 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் கூடிய ஆசிரியர்கள் இப்பெயரையே ஏற்றுக்கொண்டனர். அந்நாளையே 'கராத்தே நாள்' என ஒக்கினாவா மாநிலம் 2005இல் அறிவித்தது.

இம்மாற்றத்தில் அரசியலே இல்லை என்று கூறிவிட முடியாது. ஜப்பானுக்கும் சீனத்துக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த காலம் அது. சீனப் பெயரோடு ஒரு கலை ஜப்பானியத் தலைநகரில் வேரூன்றுதல் அரிது. எனினும் ஃபுனகோஷி அப்புதிய எழுத்துக்குத் தந்த விளக்கம் காலத்தின் தேவையைக் கடந்து நிற்கிறது. ஆயுதம் ஏந்தாத கை என்பது அதன் வெளிப்பொருள். தன்னலமும் தீய எண்ணமும் நீங்கி வெறுமையான உள்ளம் என்பது உட்பொருள். மாசற்ற கண்ணாடி தன்முன் உள்ளதை உள்ளவாறு காட்டுகிறது. வெற்றுப் பள்ளத்தாக்கு எழுந்த ஒலியை அப்படியே திருப்பித் தருகிறது. பயில்பவன் உள்ளமும் அவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அச்சமோ வெறுப்போ நிறைந்த உள்ளம் எதிரில் நிற்பவனைக் காண்பதில்லை; தான் கற்பனை செய்துகொண்ட ஒருவனையே காண்கிறது. பெயரின் இறுதியில் 'வழி' எனப் பொருள்படும் 'தோ' என்னும் சொல்லையும் அவர் சேர்த்தார். இதனைக் கற்று முடிக்கும் வித்தையாகக் கருதாமல், நடந்து செல்லும் நெறியாகக் கொள்ள வேண்டும் என்பது அச்சேர்க்கையின் கருத்து.

ஒரே கட்டா, பல ஆண்டுகள்

ஃபுனகோஷி 1868இல் ஷூரியில் பிறந்தவர், குறைமாதக் குழந்தை, இளமையில் நோஞ்சான். மருத்துவக் கல்வி பயில விரும்பினார். குடுமியைக் களைந்தால்தான் சேரலாம் என்பது அந்நாளைய விதி. அவர் குடும்பத்தார் அதற்கு இசையவில்லை. ஆதலின் பள்ளி ஆசிரியரானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அத்தொழிலில் இருந்தார். உடல்நலம் கருதித் தொடங்கிய கராத்தேப் பயிற்சி அவர் வாழ்வையே நிறைத்தது.

கட்டா என்பது முன்னரே வகுக்கப்பட்ட அசைவுகளின் கோவை. எதிரில் ஆள் இல்லாமல், இருப்பதாகக் கொண்டு, தடுத்தலும் குத்தலும் உதைத்தலும் திரும்புதலும் ஒரு வரிசையில் செய்யப்படும். பெரும்பாலான கட்டாக்கள் தடுப்பு அசைவிலேயே தொடங்குகின்றன என்பது நோக்கத்தக்கது. ஃபுனகோஷி தம் ஆசிரியர் அங்கோ அசாட்டோவின் இல்லத்து முற்றத்தில், இரவு நேரத்தில், மங்கிய விளக்கொளியில் பயின்றார். ஒரு கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிரியருக்கு நிறைவு ஏற்படும் வரை அடுத்ததற்குச் செல்ல முடியாது. 'தெக்கி' எனப்படும் மூன்று கட்டாக்களுக்கே பத்து ஆண்டுகள் ஆயின என அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வளவுக்கும் தெக்கி பார்ப்பதற்குக் கவர்ச்சியானதன்று. குதிரைமேல் அமர்ந்தாற்போல் கால்களை அகற்றி, ஒரே நேர்க்கோட்டில் பக்கவாட்டில் நகரும் எளிய கட்டாதான்.

எளியதொன்றைப் பத்தாண்டுகள் செய்வதால் விளைவது யாது? இவ்வினாவிலேதான் இக்கலையின் உள்ளீடு அடங்கியிருக்கிறது. முதல் சில வாரங்களில் பயில்பவன் வரிசையை மனப்பாடம் செய்கிறான். 'எனக்கு வந்துவிட்டது' என்று நினைக்கிறான். அடுத்து வருவது சலிப்பு. புதியது வேண்டும் என மனம் துடிக்கிறது. ஆசிரியரின் மீது எரிச்சல் எழுகிறது. தன்னைத் தாழ்வாக எண்ணிவிட்டாரோ என ஐயம் பிறக்கிறது. இவ்வளவும் எழும்போது அவன் என்ன செய்கிறான்? மீண்டும் கால்களை அகற்றி நின்று முதல் அசைவைத் தொடங்குகிறான். எழுந்த எரிச்சலுக்கு இடங்கொடாமல் செய்ய வேண்டியதைச் செய்வது ஆயிரம் முறை நிகழ்கிறது. எதிரில் ஆளே இல்லை. எனவே தோற்றால் பழிபோட யாருமில்லை. குத்து தவறினால் இடுப்பு முழுமையாகத் திரும்பவில்லை, குதிகால் எழுந்துவிட்டது, மூச்சு முன்னரே வெளியேறிவிட்டது என்று தன்னிடமே காரணம் தேட வேண்டும். வெளியே தேடும் கண் மெல்ல உள்ளே திரும்புகிறது. சலிப்புக்குப் பின்னர் வேறொரு நிலை வாய்க்கிறது. நேற்றுச் செய்த அதே அசைவில் நேற்றுக் காணாத ஒன்று தென்படுகிறது. பழைய இலக்கியப் பாடலொன்றைப் பன்முறை பயில்வோர்க்கு இவ்வனுபவம் புதிதன்று.

உடலளவிலும் இதற்கு விளக்கம் உண்டு. கராத்தேக் குத்து தோளிலிருந்து பிறப்பதில்லை. தரையை ஊன்றிய காலிலிருந்து எழுந்து இடுப்பின் சுழற்சியால் வேகம் பெற்று முட்டியில் முடிகிறது. முடியும் கணத்தில் மட்டுமே உடல் இறுகும். மற்ற நேரமெல்லாம் தளர்ந்திருக்க வேண்டும். சினங்கொண்டவன் உடல் முன்கூட்டியே இறுகிவிடுகிறது. இறுகிய தசை விரைந்து செல்லாது. எனவே சினம் என்பது அறக்குற்றமாவதற்கு முன்னரே பயிற்சிக் குற்றமாக வெளிப்பட்டுவிடுகிறது. வன்மையும் மென்மையும் மூச்சைப்போல் மாறிமாறி அமைய வேண்டும் என்பதனாலேயே சோஜுன் மியாகி என்னும் ஆசிரியர் தம் மரபுக்கு 'கோஜு' எனப் பெயரிட்டார். 'கோ' வன்மை, 'ஜு' மென்மை.

முதலில் தாக்காமை

கராத்தேயில் முதல் தாக்குதல் என்பது இல்லை என்பது ஃபுனகோஷி வகுத்த கொள்கைகளுள் தலையாயது. ஜப்பானின் காமகுரா நகரிலுள்ள எங்காகு மடத்தில் 1968இல் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவுக்கல்லில் இக்கொள்கையே பொறிக்கப்பட்டுள்ளது. அவர் காலத்துச் சண்டை வல்லுநர் சோக்கி மொட்டோபு இதற்குச் சற்று வேறான பொருள் கொண்டார். காரணமின்றித் தாக்கக் கூடாது என்பதே இதன் கருத்து. தவிர்க்கவே முடியாத நிலையில் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கூற்று. இருவர் கருத்தையும் ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. ஆயினும் ஃபுனகோஷி தம் வாழ்க்கை நூலில் கூறும் இரண்டு நிகழ்ச்சிகள் அக்கொள்கையின் ஆழத்தை விவாதத்தைவிட நன்கு விளக்குகின்றன.

முதலாவது அவர் இளமையில் நிகழ்ந்தது. மாமனார் வீட்டில் முன்னோர்க்குப் படைப்பதற்காகப் பலகாரம் எடுத்துச் சென்றார். வழியில் இருவர் மறித்தனர். அவர் கை ஓங்கவில்லை. பலகாரத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றார். மறுநாள் தம் ஆசிரியர் இருவரிடமும் இதனைக் கூறினார். இட்டோசு மனம் நிறைந்து பாராட்டினார். அசாட்டோ மட்டும் புன்னகையோடு, பலகாரம் போய்விட்டதே, படையலுக்கு என்ன செய்தாய் என வினவினார். உள்ளம் உருக வேண்டிக்கொண்டேன் என்றார் மாணவர். கராத்தேயின் உணர்வு இப்போதுதான் உனக்குப் புரியத் தொடங்கியிருக்கிறது என ஆசிரியர் மகிழ்ந்தாராம். இருவரும் வலிமை மிக்க ஆசிரியர்கள். தம் மாணவன் திருடர்க்கு அஞ்சினான் என்று அவர்கள் கருதவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இரண்டாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ எண்பது அகவை. 1945இல் அவர்தம் பயிற்சிக்கூடம் குண்டுவீச்சில் அழிந்தது. அதே ஆண்டில் மகனையும் இழந்தார். ஊரெங்கும் பசி. ஓரிரவு தனியே திரும்பிக்கொண்டிருந்த முதியவரை ஒருவன் வழிமறித்துத் தாக்கினான். அவர் குனிந்து விலகி, அவனது உயிர்நிலையைப் பற்றிக்கொண்டார். அவன் அசைய முடியாமல் நின்றான். வந்த காவலரிடம் அவனை ஒப்படைத்தார். கேட்போர்க்கு இது வியக்கத்தக்க வெற்றி. அவருக்கோ அவ்வாறு தோன்றவில்லை. போரிலிருந்து திரும்பி வேலையின்றித் திரியும் ஒருவன் ஏதோ ஒரு கணத்து உந்துதலால் இச்செயலில் இறங்கியிருக்கக்கூடும் என அவர் எண்ணினார். தாக்குதலில் இறங்கலாகாது என்று இளைஞர்க்கு ஓயாது கற்பித்த தாமே அதனைச் செய்துவிட்டோமே என்று வெட்கினார். தம் திறமைக்குச் சான்றாகக் காட்டியிருக்கக்கூடிய ஒன்றைத் தம் குறையாகப் பதிவு செய்த அவ்வுள்ளம் பத்தாண்டுத் தெக்கியின் பயன் என்று நாம் கருதுகிறோம்.

பட்டையும் பணிவும்

1922இல் கல்வித்துறை நடத்திய விளையாட்டுக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்ட ஃபுனகோஷி டோக்கியோ வந்தார், அங்கேயே தங்கிவிட்டார். ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் பகலில் தோட்டம் பெருக்கி, அறைகளைத் தூய்மை செய்து, இரவில் கற்பித்தார். ஐம்பது அகவை கடந்த பள்ளி ஆசிரியர் துடைப்பம் ஏந்தத் தயங்கவில்லை. பயிற்சி முடிந்தபின் மாணவர்களே கூடத்தின் தரையைத் துடைக்கும் வழக்கம் ஜப்பானிய டோஜோக்களில் இன்றும் உண்டு. டோஜோ என்பது பயிற்சிக்கூடம். நுழையும்போதும் வெளியேறும்போதும் வணக்கம். தொடங்குமுன் சிறிது நேரம் கண்மூடி மௌனம். பண்பு நிறைவு, வாய்மை, முயற்சி, மரியாதை, வன்செயல் தவிர்த்தல் என்னும் ஐந்து உறுதிமொழிகளைப் பல கூடங்களில் ஒருமித்து ஓதுவர். அவற்றை ஒன்று, இரண்டு என எண்ணுவதில்லை. ஒவ்வொன்றையும் 'ஒன்று' என்றே தொடங்குவர். எதுவும் மற்றதற்கு இரண்டாவதன்று என்பது குறிப்பு.

வண்ணப் பட்டைகள் இக்கலையோடு பிறந்தவை அல்ல. ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவின் முறையைப் பின்பற்றி 1924இல்தான் ஃபுனகோஷி முதன்முறையாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். வெள்ளைப் பட்டை அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பாயிற்று என்னும் கதை வெறும் புனைவே. கறுப்புப் பட்டையின் முதல் படிக்கு 'ஷோதான்' என்பது பெயர். 'ஷோ' என்றால் தொடக்கம். அதாவது, நாம் முடிவு எனக் கொண்டாடும் இடத்தை அவர்கள் தொடக்கம் எனக் குறித்திருக்கின்றனர். இப்பெயரைச் சான்றிதழில் அச்சிட்டு வழங்குவோர் பலரும் அதன் பொருளை மாணவர்க்குக் கூறுவதில்லை.

போட்டிக் களத்தில்

ஃபுனகோஷி போட்டிகளை விரும்பவில்லை. 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதே ஆண்டில் ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 1970இல் உலகப் போட்டி வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021ஆம் ஆண்டு கராத்தே இடம்பெற்றது. ஆடவர் கட்டாவில் ஒக்கினாவா மண்ணின் மைந்தர் ரியோ கியூனா தங்கம் வென்றார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டுச் சேர்க்கப்படவில்லை.

அந்த டோக்கியோக் களத்தில் 2021 ஆகஸ்டு 7 அன்று நிகழ்ந்தது ஒன்று. 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர்க்கான குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயை எதிர்த்து 4-1 என முன்னணியில் இருந்தார். அவர் வீசிய உதை தலைப்பகுதியில் பட, கஞ்ச்சாதே உணர்விழந்து வீழ்ந்தார். வேறு சில சண்டை விளையாட்டுகளில் அத்தோடு வெற்றி முடிவாகியிருக்கும். இங்கோ அளவுமீறிய அடி எனக் கூறி ஹாமிதியை நடுவர்கள் தகுதிநீக்கம் செய்தனர். தூக்குப்படுக்கையில் கொண்டு செல்லப்பட்டவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி. உலகெங்கும் பலர் இத்தீர்ப்பை எள்ளி நகைத்தனர். ஹாமிதியின் உழைப்புக்கு இரங்காமல் இருக்க நம்மாலும் இயலவில்லை. எனினும் எதிரியின் உடலைத் தொடும் முன் ஓர் இழை இடைவெளியில் அடியை நிறுத்துவதே தேர்ச்சி என்னும் பழைய பாடம், விளையாட்டு விதியின் வடிவில் அங்கே எஞ்சியிருந்தது. முழு விசையோடு அடிப்பதற்கு வலிமை போதும். முழு விசையோடு சென்ற கையை நிறுத்துவதற்கு வலிமையோடு வேறொன்றும் வேண்டும்.

போட்டி தீது என நாம் வாதிட வரவில்லை. இளைஞர்க்கு அது ஊக்கம் தருகிறது. ஏழை மாணவர் சிலர்க்கு வாழ்வில் முன்னேறும் வழியும் அமைகிறது. ஆனால் பதக்கத்துக்கு உரிய அசைவுகளை மட்டும் பயில்வோர், நடுவர் இல்லாத தெருவில் யார் தம்மை நிறுத்துவார் என்பதற்கு விடை பெறுவதில்லை. குழந்தையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பலர், 'பிள்ளை தைரியமாக வரவேண்டும்' என்கின்றனர். நியாயமான விருப்பமே. அத்தைரியம் வகுப்பில் இளையவனைத் தள்ளிவிடும் துணிவாக மாறுகிறதா, தள்ளப்பட்டபோதும் நிலைகுலையாத அமைதியாக மாறுகிறதா என்பதைச் சில மாதங்களில் வீட்டிலேயே காணலாம்.

இக்கலையைப் பயில விரும்பும் மாணவ நண்பர்கள் வகுப்பில் சேரும் முன்னர் ஒருநாள் சென்று ஓரமாக அமர்ந்து பார்ப்பது நன்று. மூத்த மாணவர்கள் புதியவரோடு மோதும்போது அடியைக் குறைத்துக்கொள்கின்றனரா, தரையை யார் துடைக்கின்றனர், தேர்வுக் கட்டணம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது என்பனவற்றைக் கவனியுங்கள். ஆசிரியரிடம், முதல் கட்டாவை எத்தனை நாளில் கற்றுத்தருவீர்கள் என்றும் கேளுங்கள். நாள் கணக்குச் சொல்பவரிடம் வரிசையை மட்டும் கற்கலாம். சிரித்துவிட்டு, தாமும் இன்னும் அதனைப் பயின்றுகொண்டிருப்பதாகச் சொல்பவர் கிடைத்தால் அவரிடமே சேருங்கள்.